மைதாவுக்கு வந்த படர்தாமரை

அண்ணாச்சி, கூடைக்குள்ள சத்தம் வருதேன்னு பயந்துடாதீய. பூனைக்குட்டிதான். கடிக்காது. நோவும் கிடையாது, ஒட்டவும் ஒட்டாது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. இந்தா, சட்டைப்பையிலதான் இருக்கு, பாக்கீயளா? சும்மா பாருங்க. இங்கிலீசுலதான் இருக்கு. கீழ ரெண்டாவது வரி, 'நெகட்டிவ்'. நெகட்டிவ்னா நல்லதுன்னு எனக்கே இந்த ரெண்டு மாசமாத்தான் தெரியும்.

நீங்க எங்க இறங்கணும்? பனவடலிசத்திரமா? அப்பம் முழுசாவே சொல்லலாம். நான் கடைசி, சங்கரன்கோவில்.

எனக்குப் பூனை பிடிக்காது. அதை முதல்லயே சொல்லிடுதேன். எம் பேரு ஆவுடையப்பன். பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன், முப்பத்திரண்டு வருசம். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளிய பாக்கிற பார்வையே தனி. எம் முன்னால எவனும் பொய் சொல்லித் தப்பினது கிடையாது. அப்பேர்ப்பட்டவனை ஒரு விளக்கு பிடிச்சிட்டு அண்ணாச்சி. சாதாரண விளக்கு. வெளிச்சம்கூடக் கிடையாது அதுல. சொல்லுதேன் கேளுங்க.

எம் மகன் தூத்துக்குடியில வேலை. வாரக் கடைசிலதான் வருவான். மருமக எங்களோடதான் இருக்கா. பேரு பவதாரிணி. நல்ல பிள்ளை. வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்கும். கல்யாணமாகி வந்தப்ப பீரோ வந்தது, கட்டில் வந்தது, பின்னாலயே ஒரு பூனையும் வந்தது. வெள்ளை வெளேர்னு. பேரு மைதா. பூனைக்கு வைக்கிற பேரா இது?

அன்னைக்கே நடு வீட்டுல நின்னு சட்டம் போட்டுட்டேன். அடுப்படிக்குள்ள வரக் கூடாது. எங்க அறைக்குள்ள வரக் கூடாது. என் சாய்வு நாற்காலியைத் தொடவே கூடாது. மருமக "சரி மாமா"ன்னா. எங்க வீட்டம்மா உலகம்மாளும் தலையாட்டினா. அவ ஆட்டுத மாதிரி ஆட்டுவா, பிறகு அவளுக்குன்னு ஒரு சட்டம் வச்சிருப்பா. அது வேற.

நானும் அதைத் தொட்டதே இல்ல. மத்தியானம் சாப்பிட்டுட்டு நாற்காலியில சாய்வேன். அது வந்து வயித்துல ஏறிப் படுத்துக்கிடும். நானா தூக்கி வச்சேன்? அதுவா ஏறிச்சு. தூங்குத ஜீவனை எழுப்பலாமா? பாவம்லா? நாலு மணிக்கு அடுப்படியில டம்ளர் சத்தம் கேட்டதும் கீழ இறக்கி விட்டுட்டு, "ச்சூ, போ அங்கிட்டு"ன்னு சத்தமா ஒரு தடவை விரட்டுவேன். உலகம்மாள் காதுல விழணும்லா.

இன்னொரு சங்கதி இருக்கு. எங்க வீட்டுல சைவம். முட்டை வாசம்கூட ஆகாது. மருமக அதுக்கு ஏதோ உருண்டை உருண்டையா கடைத் தீனி வாங்கிப் போடும். கடலை மிட்டாய் உதுத்த மாதிரி இருக்கும். அதைக் கடிச்சிட்டு அந்தப் பூனை என்னை ஒரு பார்வை பாக்கும் பாருங்க. கேன்டீன்ல சாம்பார் ஊத்தாம வெறும் சோறு போட்டா டிரைவருங்க பாப்பாங்களே, அந்தப் பார்வை.

நான் காலையில, வீட்டுல யாரும் எந்திரிக்கதுக்கு முன்னால, நடக்கப் போவேன், சர்க்கரைக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மீன் கடை வச்சிருக்கா மரியபுஷ்பம். பூனையை ஒரு துணிப்பையில வச்சு, தலை மட்டும் வெளிய தெரிய, தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு நாள் போனேன். ஒரே ஒரு நாள்தான்னு போனது. பிறகு தினமும் ஆயிட்டு. மரியபுஷ்பம் ஒரு மீன் தலை போடுவா. இது சாப்பிட்டுட்டு அங்கன இருக்கிற மூணு குட்டிகளோட புரண்டு விளையாடும். நான் திரும்பி நின்னு பஸ்ஸைப் பாத்துக்கிட்டிருப்பேன். அரை மணி நேரம். வீட்டுக்கு வந்து வாயைத் துடைச்சு விட்டுருவேன், பூனையோட வாயை. ஒரு ஈ, காக்காவுக்குத் தெரியாது.

அந்த மூணு குட்டியில ஒண்ணுக்குக் காதோரம் முடி இல்லாம இருந்தது. நானும் பாத்தேன். சண்டை போட்டிருக்கும்னு நெனைச்சேன்.

இருபது நாள் போயிருக்கும். மைதாவுக்கு இடது காதுக்குப் பின்னால ஒரு ரூபா வட்டத்துக்கு முடி கொட்டிட்டு. பிறகு முன்னங்கால்ல ஒண்ணு, மூக்குக்கு மேல ஒண்ணு. உலகம்மாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சா. பூசினதும் வெள்ளைப் பூனை மஞ்சப் பூனை ஆயிட்டு. அது சோபாவுல ஏறி, சோபா மஞ்சளாச்சு, அதுல உக்காந்த எம் மகன் வேட்டி மஞ்சளாச்சு. படை மட்டும் அப்படியே இருந்தது.

அப்பம்தான் எனக்கும் வயித்துல, தொப்புளுக்கு மேல, ஒரு வட்டம். ஓரம் சிவப்பா, நடுவுல வெளுத்து, அரிப்பு உயிர் போகும். வேர்க்குருன்னு நெனைச்சேன். மருந்துக் கடையில ஒரு களிம்பு குடுத்தான். போட்டதும் ரெண்டு நாள்ல வாடிட்டு. ஆகான்னு, யாருக்கும் தெரியாம பூனைக்கும் கொஞ்சம் தடவி விட்டேன். அதுக்கும் வாடிச்சு. நாந்தான் பெரிய வைத்தியன்னு மனசுக்குள்ள ஒரு இது. அஞ்சாம் நாள் பாருங்க அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு மூணாச்சு, அதுக்கு மூணு ஏழாச்சு!

அதுக்குள்ள மருமகளுக்கு மணிக்கட்டுல ஒரு வட்டம். உலகம்மாளுக்கு முழங்கை மடிப்புல ஒண்ணு. அவ்வளவுதான். உலகம்மாள் ஆடிட்டா. "நான் அதைக் கிட்டத்துலயே சேக்கலை. எனக்கு எப்படி வந்தது? கொண்டு வந்தவ பதில் சொல்லட்டும்." அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? "மைதா வீட்டை விட்டு வெளியவே போறதில்ல அத்தை. எப்படி வந்ததுன்னு எனக்கே தெரியலை"ன்னு சொல்லிட்டு, தட்டுல சோத்தை வச்சுக்கிட்டு அழுதுச்சு.

நான் என்ன சொன்னேன்னு கேக்கீயளா? ரசத்தை ஊத்திக்கிட்டேன். ரெண்டு வாய்க்கு மேல இறங்கலை. மிளகு கூடப் போல அன்னைக்கு. சொல்லக் கூடாதுன்னு இல்ல, நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு பத்து நாள் பாத்தேன்.

பதினோராம் நாள் பவதாரிணி மதுரையில இருக்கிற அவ சிநேகிதிக்குப் போன் போட்டு, "மைதாவை நீ வச்சுக்கிடுதியா?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தா. அது போர்த்திக்கிட்டுப் படுக்கிற துண்டை மடிச்சு வச்சிருந்தா. தட்டைக் கழுவிக் கவுத்தி வச்சிருந்தா. எனக்கு அன்னைக்கு மத்தியானம் தூக்கமே வரலை. நாற்காலி சரியில்ல, துணி தொய்ஞ்சு போச்சு.

எந்திரிச்சுப் போய், "எந்த வியாதியா இருந்தாலும் வைத்தியம் பாத்துட்டுத்தான் அனுப்பணும். நோயோட அனுப்பினா எம் மரியாதை என்னாகுறது?"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். உள்ளூர் மாட்டு டாக்டர்ட்ட காட்டினோம். அவர் நல்ல மனுசன். "நான் களிம்பு எழுதித் தரலாம். ஆனா வீட்டுல எல்லாருக்கும் வந்திருக்கு, ஏற்கெனவே எதையோ தடவிக் கெடுத்தும் வச்சிருக்கீங்க. திருநெல்வேலியில பெனிட்டா டாக்டர்னு இருக்காங்க. விலங்குகளோட தோலுக்குன்னே தனியாப் படிச்சவங்க. அங்க போங்க"ன்னாரு.

தோலுக்குன்னு தனி டாக்டர்! மனுசனுக்கு இருக்கு, சரி. பூனைக்குமா? நான் சிரிச்சேன். பஸ்ல வாரப்போ வழியெல்லாம் சிரிச்சேன். உலகம்மாளும் வந்தா, மருமக ஏமாந்துடக் கூடாதுன்னு மேற்பார்வைக்கு.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மெலிஞ்ச உடம்பு, மெதுவான பேச்சு. எங்களுக்கு முன்னால ஒரு ராஜபாளையம் நாய், அரிச்சு அரிச்சு முதுகெல்லாம் புண்ணு. அதுக்கு அரை மணி நேரம். சரி, நமக்கு அஞ்சு நிமிசத்துல மாத்திரை எழுதிக் குடுத்துருவாங்கன்னு பாத்தா, கேள்வி அண்ணாச்சி, கேள்வி! எப்ப ஆரம்பிச்சது, எந்த இடத்துல முதல்ல, அரிக்குதா இல்லையா, எதுல படுக்கும், என்ன தின்னும், யார் குளிப்பாட்டுவாங்க. நான் அப்படியே சொக்கிப் போயிட்டேன். செக்கிங்னா இதுல்ல செக்கிங்! முதல் கேள்விக்கும் ஏழாவது கேள்விக்கும் முடிச்சு இருக்கும். என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தி இருந்திருந்தா ஒரு பயலும் டிக்கெட் எடுக்காம மானூர் தாண்டியிருக்க மாட்டான்.

"வெளிய போகுமா?"ன்னாங்க.

"போகவே போகாது டாக்டர்"ன்னா மருமக.

"வாசப்படி தாண்டாது"ன்னா உலகம்மாள்.

டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. நான் ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டிருந்தேன்.

"நீங்க பூனையைத் தூக்குவீங்களா ஐயா?"

"தூக்குறதா? எனக்குப் பூனையே பிடிக்காதும்மா."

அவங்க புது டூத் பிரஷ் ஒண்ணை உறையில இருந்து பிரிச்சாங்க. பல்லு விளக்கப் போறாங்கன்னு நெனைச்சேன். பூனை மேலெல்லாம் அதால வாரி, ஒரு சின்னத் தட்டுல குத்திக் குத்தி வச்சாங்க. அதுல காளான் முளைக்குதான்னு ரெண்டு, மூணு வாரம் பாக்கணுமாம். "இது படர்தாமரை மாதிரி இருக்கு. பேருலதான் தாமரை, முளைக்கிறது பூஞ்சைக் காளான். மிருகத்துல இருந்து மனுசருக்கும் ஒட்டும். விளக்கு வச்சுப் பாத்தா இப்பவே ஓரளவு தெரிஞ்சிடும்"ன்னு சொல்லிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னல்ல கறுப்புத் திரையை இழுத்துவிட்டாங்க. பட்டப்பகல்ல கும்மிருட்டு. கையில ஒரு ஊதா விளக்கு. பேருக்குத்தான் விளக்கு, ஒண்ணும் தெரியலை.

மைதா மேல காட்டினாங்க பாருங்க. அம்மாடி! காதுல, கால்ல, மூக்குல, முடி முடியா பச்சை. ராமர்பச்சை. திருவிழாவுக்கு சீரியல் பல்பு போட்ட மாதிரி மின்னுது. "ஐயோ, எம் மைதா"ன்னு பவதாரிணி அழுதா. எனக்கோ, நோயா இருந்தாலும் அழகா இருக்கேன்னு ஒரு நெனப்பு.

டாக்டரம்மா விளக்கோட திரும்பி உலகம்மாள்ட்ட கேட்டாங்க. "அம்மா, உங்களுக்கு எந்த இடத்துல?"

"இங்க, முழங்கை மடிப்புல. நான் இதைக் கிட்டத்துலயே சேக்க மாட்டேனே டாக்டர்!"

"அந்த இடத்துல என்ன மாட்டிக்கிடுவீங்க?"

"என்னத்த மாட்ட? இந்தப் பைதான். கோயிலுக்குப் போறப்ப பூ, தேங்காய், பழம் எல்லாம் இதுலதான்."

அந்தப் பை அவ கையிலதான் தொங்கிக்கிட்டிருந்தது. நான் சொன்னேன்லா, ஒரு துணிப்பைன்னு. வீட்டுல அந்த அளவுக்கு வாய் அகலமான பை அது ஒண்ணுதான் இருந்தது அண்ணாச்சி. வேற வழி?

டாக்டரம்மா பைக்குள்ள விளக்கைக் காட்டினாங்க. உள்ளுக்குள்ள பச்சை பச்சையா முடி. உலகம்மாளுக்கு மூச்சே நின்னுட்டு. பிறகு விளக்கு அப்படியே மேல வந்தது. மெதுவா. எம் பக்கம் திரும்பிச்சு. என் தோள்த் துண்டுல பச்சை. சட்டையில, சரியா வயித்துக்கு நேரா, ஒரு வட்டத்துக்குப் பச்சை. மைதா சுருண்டு படுக்கிற அளவு வட்டம். அளவெடுத்துத் தச்ச மாதிரி.

விளக்கை அங்கனயே பிடிச்சுக்கிட்டு டாக்டரம்மா, "பூனையே பிடிக்காதுன்னீங்களே ஐயா"ன்னாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க.

அதுக்கு மேல என்ன செய்ய? சொல்லிட்டேன். மத்தியானத் தூக்கம், காலை நடை, மரியபுஷ்பம், மீன் தலை, மூணு குட்டி, காதுல முடி இல்லாத குட்டி, மருந்துக் கடைக் களிம்பு, எல்லாம். "இந்தப் பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் கொண்டு வந்து விட்டேன்"னு சொன்னேன். சொல்றப்ப குரல் ஒரு மாதிரி ஆயிட்டு. அந்த அறையில காத்து இல்ல பாருங்க.

உலகம்மாள் கேட்டா, "மீன் கடைக்கா? என் பூப்பையிலயா?"

"தலை மட்டுந்தான் உலகு. உடம்பு வாங்கலை."

இதைக் கேட்டதும் இருட்டுல ஒரு சத்தம். மருமக அழுதான்னு நெனைச்சேன். சிரிக்கா! வாயைப் பொத்திக்கிட்டு, சுவர்ல சாஞ்சு, "மாமா... ஐயோ மாமா..."ன்னு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கா. டாக்டரம்மா கையில விளக்கு ஆடுது. உலகம்மாள் கொஞ்ச நேரம் விறைப்பாத்தான் நின்னா. அவ தோள் ஆடினதை அந்த விளக்குல நான் பாத்தேன். திரையை விலக்கினப்ப மூணு பேருக்கும் கண்ணுல தண்ணி. நான் ஒருத்தன்தான் சிரிக்கலை. எனக்கு என்ன சிரிப்பு அதுல?

ஆனா பஸ் ஏறினதும் உலகம்மாள் மருமக பக்கத்துல போய் உக்காந்தா. தலைப்பை எடுத்து அவ கண்ணைத் துடைச்சு விட்டா. "நான் பேசினதை மனசுல வச்சுக்கிடாத"ன்னா. எங்கிட்ட மூணு நாள் பேசலை. அது பரவாயில்ல.

பிறகு வைத்தியம். களிம்பைத் தூரப் போடச் சொல்லிட்டாங்க. அது அரிப்பை அமுக்கிட்டு உள்ளுக்குள்ள படையை வளக்குமாம். எங்களுக்கு மனுச தோல் டாக்டர்ட்ட சீட்டு. மைதாவுக்கு வாய் வழியா மருந்து. ஒரு தனி அறை வேணும், தினமும் துடைக்கணும், துணியெல்லாம் வெந்நீர்ல அலசணும். எங்க அறைதான் தோதா இருந்தது. குடுத்துட்டேன். நாங்க ரெண்டு பேரும் கூடத்துல பாய் விரிச்சோம்.

வாரம் ரெண்டு குளியல். மருந்து ஷாம்பு போட்டு பத்து நிமிசம் ஊறணும். பத்து நிமிசம் ஒரு பூனையைத் தண்ணிக்குள்ள பிடிச்சுப் பாருங்க அண்ணாச்சி, தெரியும். கடிகாரம் பாக்கக் கை இருக்காது. நான் ரூட்டைச் சொல்லுவேன். சங்கரன்கோவில்ல ஏறி, ஒவ்வொரு நிறுத்தமா, ஆள் ஏறி இறங்கி, மெதுவா வருவேன். உங்க பனவடலியில ஒரு பிறாண்டு. தேவர்குளத்துல ஒரு கடி. மானூர் வந்ததும் அடங்கிடும். திருநெல்வேலின்னா குளியல் முடிஞ்சது. இப்பம் அது பனவடலின்னு கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிடுது. உங்க ஊருமேல அதுக்கு ஒரு கோவமும் இல்ல, தப்பா எடுத்துக்கிடாதீய.

மைதா மட்டும்னா சரி. டாக்டரம்மா என்ன சொல்லிட்டாங்க, "மீன் கடைக் குட்டிகளை அப்படியே விட்டா, அங்க வாரவங்க எல்லாருக்கும் ஒட்டும். அதுகளையும் கொண்டு வாங்க ஐயா"ன்னுட்டாங்க. மரியபுஷ்பம் மூணையும் அள்ளிக் கூடையில போட்டு, "எனக்கு ஒரு பாரம் விட்டது"ன்னா. ஆக நாலு பூனை. நாலு பேருக்கும் மருந்து, நாலு பேருக்கும் ஷாம்பு. சுத்த சைவ வீட்டுல மருமக மடியில ஒண்ணு, வாளியில ஒண்ணு, என் தோள்ல ஒண்ணு. உலகம்மாள் மூக்கைச் சுளிச்சுக்கிட்டே நாலாவதைத் துண்டுல சுத்தித் துவட்டிக்கிட்டிருந்தா. "சனியனே, சனியனே"ன்னு அவ வைஞ்ச குரல் இருக்கே, எம் மகன் கைக்குழந்தையா இருந்தப்பக் கேட்டது.

ரெண்டு மாசம் ஆச்சு. மைதாவுக்கு முடி முளைச்சிட்டு, முந்தியைவிட அடர்த்தி. எல்லாருக்கும் ரெண்டு தடவை சோதனை பண்ணி ரெண்டும் நெகட்டிவ். இந்தக் குட்டிக்கு மட்டும் ரெண்டாவது முடிவு பாக்கி இருந்தது. அதுவும் இன்னைக்கு வந்துட்டு. காதோரம் முடி இல்லாம இருந்ததே, அதுதான் இது. கூடைக்குள்ள எட்டிப் பாருங்க. எந்தக் காதுன்னு சொல்லுங்க பாப்போம்? தெரியாது. எனக்கே தெரியாது.

மத்த ரெண்டுக்கும் வீடு பாத்தாச்சு. இதையும் ஒரு நல்ல இடத்துல குடுத்துட்டுத்தான் வரணும்னு உலகம்மாள் சொல்லி அனுப்பியிருக்கா. நாலஞ்சு பேர் கேட்டாங்க. ஒண்ணும் அமையலை.

என்ன, நீங்க எடுத்துக்கிடுதீயளா? நிசமாவா? உங்க வீட்டுல எலி இருக்கா... நல்லது, நல்லது. நீங்க கேட்டதே எனக்குச் சந்தோசம். வீட்டுல கிணறு இருக்கா? மூடி போட்டிருக்கா? கம்பியா, பலகையா? கம்பின்னா நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கும்? கையைக் காட்டுங்க. ம். நாய் இருக்கா? கட்டித்தான் போட்டிருப்பீயளா? ராத்திரி அவுத்து விடுவீயளோ. சரி. கொசுவத்தி கொளுத்துவீயளா? மத்தியானம் தூங்குற பழக்கம் உண்டா? இல்லையா? ஒரு அரை மணி நேரம்கூடச் சாய மாட்டீயளா? அப்பம் அது எங்க படுக்கும்?

இருங்க, போன் அடிக்குது. வீட்டம்மா.

"சொல்லு உலகு... ஆமா, நெகட்டிவ். ஆமாங்கேன். ஏறிட்டேன், பனவடலி வரப்போகுது. ... கேட்டாரு, ஒருத்தர் கேட்டாரு. பக்கத்துலதான் இருக்காரு. ... ஆள் நல்ல ஆளாத்தான் தெரியுது. ஆனா மத்தியானம் தூங்க மாட்டாராம். ... அதைத்தான் நானும் நெனைச்சேன். ... கேக்காது, மெதுவாத்தான் பேசுதேன். ... சரி, பவதாரிணிட்டயும் சொல்லிடு. வச்சிடுதேன்."

அண்ணாச்சி, உங்க ஊரு வந்துட்டு. பாத்து இறங்குங்க. தப்பா நெனைக்காதீய, டாக்டரம்மா இன்னும் ஒரு மாசம் கண்காணிப்புல வைக்கச் சொல்லியிருக்காங்க. சீட்டுலயா? அதெல்லாம் எழுதலை. வாயால சொன்னது. கூடையில கால் படாம போங்க, இப்பம்தான் தூங்க ஆரம்பிச்சிருக்கு.